வெருலம் கோர்ட்டில் ஒரு சொல்

எனக்கு மாசம் எட்டுப் பவுன்.
அதற்கு நான் செய்ய வேண்டியது,
ஒரு வாயிலிருந்து விழும் சொல்லைத்
தரையில் விடாமல் பிடித்து
இன்னொரு காதில் வைப்பது.

கரும்பு எரிகிற மாதம்.
சன்னல் வழியே வரும் சாம்பல்
மைக்கூட்டில் விழுந்து ஊறும்.
கூண்டில் செங்கேணி,
மூன்றாம் வருஷ ஒப்பந்தம்,
பெயரைவிட நீளமாக ஒரு எண்.
குற்றம்: சீட்டில்லாமல் தோட்டம் தாண்டியது.

ரேஷன் அரிசியில் புழு.
அதைக் காப்பாளர் ஆபீசில் காட்ட
ரயில் பாதையோரமாக நடந்தே
டர்பனுக்குக் கிளம்பியிருக்கிறாள்.
பாதி வழியில் பிடித்தார்கள்.
இரண்டு நாள் லாக்கப்.

"அந்த அரிசி எங்கே?"
துரை கேட்டதை நான் கேட்டேன்.
"தின்னுட்டேன். பசிச்சுது. பச்சையாவே."

துரை சிரித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி
"சில்லி உமன்" என்றார்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"சொல்லு, சாமி."

(இந்த ஊரில் எங்கள் எல்லாருக்கும் அதுதான் பெயர்.
கருவறையில் இருந்த சொல்
கப்பல் ஏறி வந்து இறங்கி
கூடை சுமக்கிறது.)

சில்லி.
தமிழில் போடச் சின்னச் சொல்தான்.
அசடு என்றால் முகத்தில் வழிய வேண்டும்,
இவள் முகத்தில் எதுவும் வழியவில்லை.
பைத்தியம் என்றால்
டாக்டருக்குக் கடிதம் போய்விடும்.
பேதை என்பவள் ஏட்டில் இருப்பவள்,
அவள் கையில் கரும்புத் தோகை கிழித்த கோடுகள் இருக்காது.

மிஷன் பள்ளியில்
தடித்த அகராதியைத் தூசி தட்டுவது என் தண்டனை.
அதில் படித்திருக்கிறேன்:
ஆதியில் சில்லி என்றால் பாக்கியம் பெற்றவன்.
ஆண்டவன் கை பட்டவன்.
பிறகு கள்ளமில்லாதவன் ஆனான்.
கள்ளமில்லாதவனை யாரும் அடிக்கலாம்,
அதனால் பரிதாபத்துக்குரியவன் ஆனான்.
அடித்துப் பழகியபின்
அவனுக்கே புத்தியில்லை என்று
முடிவு கட்டிவிட்டார்கள்.

நியூ ஜெர்மனி கல்லறைத் தோட்டத்தில்
அந்தச் சொல்லின் அக்கா இன்னும் கல்லில் இருக்கிறாள்,
ஸேலிக் என்ற பெயரில், பழைய மதிப்போடு.
அனுபவிப்பவர்கள் செத்தவர்கள் மட்டும்.

"என்ன தாமதம், சாமி?"

"துரை உன்னை வெகுளி என்கிறார்"
என்று சொல்லிவிட்டேன்.

வாய் மூடிய பிறகுதான் உறைத்தது.
பழந்தமிழில் வெகுளி என்றால் சினம்.
நாட்டையே எரிக்கக்கூடிய சினம்.
அது எந்த மழையில் அணைந்து
சூது தெரியாதவர்களின் பெயரானது,
எந்த அகராதியும் எனக்குச் சொன்னதில்லை.
ஒரு சொல் சொர்க்கத்திலிருந்து வந்தது,
ஒன்று நெருப்பிலிருந்து.
இரண்டும் வெருலத்தில்
ஒருத்தி தலையில் வந்து உட்கார்ந்தன.

அவள் துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.
"வெகுளியா?
அரிசியத்தானே தின்னேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
பல்லால் ஒருமுறை, விரலால் ஒருமுறை.
மூன்று புழு.
ஒன்று செத்திருந்தது.
மற்ற இரண்டும் துரையின் ஒற்றுத்தாளில்
மெதுவாக நெளிந்தன,
அவர் கையெழுத்தின் ஈரம் நோக்கி.

துரை அடுத்துச் சொன்ன சொல்லுக்கு
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பத்து ஷில்லிங், அல்லது ஏழு நாள்.
"அந்த ஏழு நாளும் களை எடுக்க வேணாமில்ல?"
என்று கேட்டாள்.
அதை நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

பியூன் ஒற்றுத்தாளைக் கசக்கி எடுத்துப்போனான்.

பதிவேட்டில் அன்றைய பக்கம் பத்திரமாக இருக்கிறது.
சான்றுப் பொருள்: இல்லை.
அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் கிடையாது.
என்னுடையது.